சபையின் சிங்கிள்ஸ் குழுவில் ஏழு வருடம்

32 வயதில் வேலை மாறி, தெரியாத ஊருக்கு வந்தேன். புதுச் சபையில் வாலிபர் கூடுகைக்குப் போனால் எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். குடும்ப ஐக்கியத்திலோ பேச்செல்லாம் பிள்ளை வளர்ப்பு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரவர் தங்கள் வீட்டு ஆட்களைத் தேடிப் போவார்கள். நான் பைபிளை மூடிப் பைக்குள் வைப்பதையே மெதுவாகச் செய்துகொண்டிருப்பேன். அந்த ஐந்து நிமிடத்தைத் தாங்க முடியாமல்தான் சிங்கிள்ஸ் குழுவை, அதாவது துணையில்லாமல் தனியாக இருப்பவர்கள் கூடும் குழுவைத் தேடினேன்.

முதலில் சேர்ந்தது பெரிய குழு, முப்பது பேருக்கு மேல். பாட்டு, செய்தி, விளையாட்டு எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆனால் செய்தி சுற்றிச் சுற்றி ஆதியாகமம் 2:18-க்கே வந்து நிற்கும்: தனிமையாயிருப்பது நல்லதல்ல, ஏற்ற துணைக்காகக் காத்திருங்கள். நடத்தியவர்கள் அத்தனை பேரும் கல்யாணமானவர்கள். துணை தேடுவதில் தப்பே இல்லை, நானும் அதற்காக ஜெபித்திருக்கிறேன். ஆனால் கல்யாணம் நிச்சயமானவர்கள் அடுத்த மாதமே வருவதை நிறுத்திவிடுவார்கள். இரண்டு வருடத்தில் எனக்கு நெருக்கமான ஆறு பேர் அப்படிப் போனார்கள். அவர்கள் கல்யாணத்தில் மனதார சந்தோஷப்பட்டேன். நட்பும் ஏன் அதோடு முடிய வேண்டும் என்பதுதான் வலித்தது. அப்புறம் எனக்காக ஜெபிக்கச் சொல்லி நான் பகிர்ந்த ஒரு ஜெபக்குறிப்பு வெளியே நாலு பேர் வாயில் விழுந்தது. அதோடு நின்றுவிட்டேன்.

இப்போது இருக்கும் குழுவில் ஒன்பது பேர். கல்யாணமாகாதவர்கள், துணையை இழந்தவர்கள், பிரிந்து வாழ்பவர்கள் எல்லாரும் உண்டு. நடத்துபவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு விதவைச் சகோதரி. முதல் மாதம் பைபிளில் அப்போஸ்தலன் பவுலின் கடிதமான 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரம் படித்தோம். கல்யாணமில்லாமல் என்னைப்போல் இருப்பதும் நலம் என்று பவுல் எழுதியதை, இத்தனை வருட சபை வாழ்க்கையில் யாரும் எனக்கு நிறுத்தி வாசித்துக் காட்டியதில்லை. அடுத்து ரோமர் 16. வெறும் பெயர்ப் பட்டியல் என்று நான் தாண்டிப் போகும் அதிகாரம் அது. அதன் 13-ஆம் வசனத்தில் ரூப்பு என்பவரின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார் பவுல். அன்று அதற்கு மேல் வாசிக்க முடியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

இந்தக் குழுவின் உயிர் ஒரு கோடு போட்ட நோட்டு. இடப்பக்கம் தேதியும் ஜெபக்குறிப்பும், வலப்பக்கம் பதில் வந்த தேதி. வலப்பக்கம் காலியாகவே இருக்கும் வரிகளையும் வாராவாரம் விடாமல் வாசிப்போம். இரண்டிரண்டு பேராக வாரத்தில் ஒருநாள் போனில் ஜெபம். என் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பு, மருத்துவமனைப் படிவத்தில் 'உடன் இருப்பவர்' என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று தெரியவில்லை என அந்தப் போனில்தான் சொன்னேன். "என் பெயரை எழுது, இதுக்குப் போய் யோசிப்பியா?" என்றார் அந்தச் சகோதரி. இரண்டு இரவும் பக்கத்திலேயே இருந்தார்.

குறைகளும் உண்டு. வேலை மாறி ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், சில வாரம் மூன்று பேர்தான். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து அறைக்குத் திரும்பும்போது இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. குழுவையே முழுச் சபையாக நினைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் நான் ஞாயிறு பள்ளியிலும் சொல்லிக் கொடுக்கிறேன். என் கைப்பிடித்து நடக்கும் பிள்ளைகள் அங்கே கிடைத்தார்கள்.

ஒரு குழுவில் சேருமுன் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: கல்யாணமாகிப் போனவர்கள் இன்னும் உங்களோடு பேசுகிறார்களா? எங்கள் குழுவில் போன வருடம் கல்யாணமான ஒரு தம்பி, இப்போது மாதம் ஒருமுறை மனைவியோடு வருகிறான். நோட்டில் அந்தப் பெண்ணின் கையெழுத்திலும் நாலு வரி இருக்கிறது.