மாநாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட், சூப்பர் ஹீரோ படத்துக்கு யோசித்து

சுஜாதாவின் அறிவியல் புனைகதைகளைப் படித்து வளர்ந்தவன் நான். கோலாலம்பூரில் பல ஆண்டுகளாக இரண்டு செலவுகளை விடாமல் செய்துவருகிறேன். ஒன்று, ஆண்டு இறுதியில் நடக்கும் காமிக் ஃபியஸ்டா என்ற காமிக்ஸ், அனிமே ரசிகர் மாநாடு. மற்றது, சூப்பர் ஹீரோ படங்கள். முதலாவது இன்னமும் கொடுத்த காசுக்குத் தகும். இரண்டாவதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

இந்தப் படங்கள் அறிவியல் புனைகதையே அல்ல என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 1962இல் காமிக்ஸில் பீட்டர் பார்க்கரைக் கடித்து ஸ்பைடர்மேன் ஆக்கியது கதிரியக்கச் சிலந்தி. 2002இல் வந்த படத்தில் அதுவே மரபணு மாற்றப்பட்ட சிலந்தி. அணுவுக்கு அஞ்சிய காலம் போய் ஆய்வுக்கூடத்துக்கு அஞ்சும் காலம் வந்துவிட்டதை ஒரே கடியில் சொல்லிவிட்டார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' மார்வெல் சூப்பர் ஹீரோ பட வரிசையில் 22ஆவது படம். மூன்று மணி நேரம் ஓடியும் சலிக்கவில்லை. அதன்பிறகுதான் படம் பார்க்க வீட்டுப்பாடம் செய்ய வேண்டிய நிலை. 2022இல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் வாண்டா என்ற மந்திரக்காரி ஏன் பிள்ளைகளுக்காக அப்படி வெறிகொண்டு அலைகிறாள்? அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் தொடங்கிய 'வாண்டாவிஷன்' இணையத் தொடரைப் பார்த்தவர்களுக்குத்தான் முழுதாக விளங்கும். அதை வெளியிட்ட டிஸ்னி+ இணையச் சேவை மலேசியாவுக்கு வந்ததோ அந்த ஆண்டு ஜூனில். அதே வரிசையில் தோர் என்ற நாயகனின் நான்காவது படம் இங்கே திரையரங்குக்கே வரவில்லை. சங்கிலியில் கண்ணி விடுபட்டாலும் அடுத்த படத்துக்கு டிக்கெட் விலை மட்டும் குறையாது.

காமிக் ஃபியஸ்டா 2002இல் தொடங்கியது. இப்போது டிசம்பரில், கேஎல்சிசி மாநாட்டு மையத்தில். கூட்டம் தைப்பூசத்துப் பத்துமலைதான், நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நகர்த்திவிடும். "காமிக்ஸ் பாத்திரங்களாக வேடம் போடுகிற பிள்ளைகள் நடுவில் புத்தகம் படிக்கிறவனுக்கு என்ன வேலை?" என்று நண்பர் கேட்பார். 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால உடையில் வந்தார். தைத்துக்கொடுத்தவர் மர்டில் டக்ளஸ், அவரும் அப்படித்தான் வந்தார். வேடம் நம் வீட்டுச் சொத்து ஐயா!

என் தங்கை மகன் சென்ற முறை ஒரு விண்வெளி வீரனின் கவசம் செய்தான். குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கிறோமே, அந்த ஃபோம் பாய்தான் மூலப்பொருள். வெட்டிய துண்டில் சூடான காற்றைப் பாய்ச்சி முழங்காலில் வைத்து அழுத்தினால் மார்பு வளைவு கிடைத்துவிடுகிறது. வண்ணம் பூசும் முன் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பல பூச்சு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபோம் வண்ணத்தைக் குடித்துவிடும். "மாமா, உட்கார மட்டும் சொல்லாதீர்கள்" என்று எல்ஆர்டி ரயிலில் கடைசிவரை நின்றுகொண்டே வந்தான்.

நான் அதிக நேரம் நிற்பது ஓவியர்களின் மேசைகளில். ஒரு கல்லூரிப் பெண், செவ்வாய்க் கிரகத்தில் ஒட்டுக்கடை என்னும் சாலையோர உணவுக்கடை நடத்தும் பாட்டியின் கதையைத் தானே வரைந்து அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தாள். அங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. தே தாரிக், அதாவது உயரத்திலிருந்து ஆற்றும் தேநீர், மெதுவாக விழுமே, எவ்வளவு உயரத்திலிருந்து ஆற்றலாம்? அதற்கு ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டிருந்தாள். கோடிக்கணக்கில் செலவழித்த படங்களில் இந்த அக்கறையை நான் அண்மையில் பார்க்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. இத்தகைய விழாக்களில் எழுத்தாளர்களுக்கு மேடை குறைவு. தமிழில் ஒரு புத்தகமாவது கண்ணில் படுமா என்று ஒவ்வொரு முறையும் தேடுகிறேன், இதுவரை இல்லை.

புதிதாகப் போகிறவர்கள் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நல்ல சிறுபுத்தகங்கள் முதல் நாளே தீர்ந்துவிடும், அதனால் உள்ளே போனதும் ஓவியர்களின் மேசைகளுக்குப் போங்கள். வேடமணிந்தவர்களோடு படம் எடுப்பதை மாலையில் வைத்துக்கொள்ளலாம், அவர்கள் எங்கும் ஓடிவிட மாட்டார்கள். அந்தக் கவசத்தோடு ஓடவும் முடியாது.