'லைவ்ல வேலை தெரியுமா?' என்று கேட்கும் கான்ட்ராக்டரிடம் போகாதீர்கள்

போன வாரம் எங்கள் வயர்மேன்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆள் தேவை என்று ஒரு செய்தி வந்தது. திருப்பூர் பக்கம், பேனல் (மின் விநியோகப் பெட்டி) வேலை, வாரச் சம்பளம், "லைவ்ல வேலை தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை". லைவ் என்றால் கரண்டை ஆஃப் செய்யாமலே வேலை பார்ப்பது. கீழே இருந்த போன் நம்பர் எனக்கு மனப்பாடம். 14 மாதம் அந்த ஆளிடம்தான் வேலை பார்த்தேன். என் வலது கையில் இரண்டு விரல் இன்னும் முழுசாக மடங்காது. பெயரைப் போட முடியாது. நடந்ததைச் சொல்கிறேன், இந்த மாதிரி ஆள் வந்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

2022, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு சாயப்பட்டறையில் புது மெஷினுக்கு மெயின் பேனலிலிருந்து கேபிள் கொடுக்க வேண்டும். கேபிள் இழுத்து, அதன் நுனியில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக முனை) அடித்து முடித்துவிட்டோம். பஸ்பாரில், அதாவது பேனலுக்குள் கரண்ட் ஓடும் பட்டையில், போல்ட் முடுக்குவதுதான் பாக்கி. அதற்கு மெயினை ஆஃப் செய்தாக வேண்டும். அரை மணி நேரம் போதும். மேனேஜர் முடியாது என்றார். மெஷினில் துணி ஓடுகிறது, நடுவில் நின்றால் ஷேடு மாறிவிடும், லாட் முழுக்க வீண். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு.

"ஞாயித்துக்கிழமை வந்து முடிச்சுத் தர்றேங்கண்ணா" என்று கான்ட்ராக்டரிடம் சொன்னேன்.

"பத்து வருஷமா வயர்மேன்னு சொல்றே, லைவ்ல நாலு போல்ட் முடுக்க மாட்டியா? பயமா இருந்தாச் சொல்லு தம்பி, வேற ஆளை வரச் சொல்றேன்."

அந்தப் பேச்சில்தான் நான் விழுந்தேன். கையுறை இல்லை. பேனல் முன்னால் ரப்பர் பாய் இல்லை, தரை ஈரம். ஸ்பேனரில் பிவிசி டேப் சுற்றிக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது போல்ட்டில் ஸ்பேனர் வழுக்கி இரண்டு பேஸுக்கும் (கரண்ட் ஓடும் இரண்டு தனித்தனிப் பட்டைகளுக்கும்) நடுவில் விழுந்தது.

எனக்கு ஷாக் அடிக்கவே இல்லை. நம்மில் பலர் ஷாக்குக்கு மட்டும்தான் பயப்படுகிறோம், ரப்பர் செருப்பு போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறோம். 500 கேவிஏ டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருக்கும் பேனலில் இரண்டு பேஸ் ஒட்டினால் பத்தாயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். அப்போது காற்றிலேயே பாயும் மின்பொறியின் (ஆர்க்) சூடு சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம். செம்பு ஆவியாகி முகத்தில் தெறிக்கும். உடம்பு எதையும் தொட வேண்டியதில்லை, எதிரில் நின்றாலே போதும். வெள்ளையாக ஒரு வெளிச்சமும் பெரிய சத்தமும்தான் எனக்கு நினைவிருக்கிறது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த ஹெல்பர் பையன்தான் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

காரில் போகும்போதே கான்ட்ராக்டர் ஆரம்பித்துவிட்டார்: "டாக்டர் கேட்டா வீட்ல கேஸ் அடுப்புன்னு சொல்லிடு. கேஸு கீஸுன்னு போனா உனக்குத்தான் அலைச்சல். செலவு பூரா நான் பாத்துக்கறேன்." வலியில் நானும் தலையாட்டினேன். ஆஸ்பத்திரி பில் 86,000 ரூபாய். அவர் கொடுத்தது 20,000. அப்புறம் போன் எடுக்கவில்லை.

சரி, ஈஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) இருக்கிறதே என்று போனால், என் பெயரில் ஒரு எண்ணே கிடையாது. எனக்குத் தினக்கூலி 750, வாரத்துக்கு 4,500. தொழிலாளியிடம் பிடிக்க வேண்டியது 0.75 சதவீதம், அதாவது 34 ரூபாய்கூட வராது. அவர் சனிக்கிழமைதோறும் 100 ரூபாய் பிடித்தார். ஒரு வாரம்கூட கட்டவில்லை. அவர் 3.25 சதவீதம் தன் பங்காகப் போட வேண்டியதும் போகவில்லை. ஒழுங்காகக் கட்டியிருந்தால் சிகிச்சை இலவசம், வேலைக்குப் போக முடியாத நாளுக்கெல்லாம் 90 சதவீதக் கூலியும் கிடைத்திருக்கும்.

பட்டறையில் போய்க் கேட்டேன். "நீங்க எங்க ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள். உங்க கவனக்குறைவுக்கு நாங்க என்ன பண்றது?" என்றார்கள். அது சட்டமே இல்லை. தன் இடத்தில் கான்ட்ராக்டர் வைத்து வேலை வாங்கினாலும் ஈஎஸ்ஐ பணத்துக்கு முதன்மை முதலாளிதான், அதாவது பட்டறைதான், பொறுப்பு. லைவ் வேலைக்கும் விதி இருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகள்தான் அப்போது நடப்பில் இருந்தவை. அதற்கென்று அதிகாரம் பெற்றவர், மின் ஆய்வாளர் ஒப்புக்கொண்ட பாதுகாப்போடு மட்டும்தான் லைவில் கை வைக்கலாம். கையுறை, டெஸ்டர், எர்த் செய்யும் சாதனம் எல்லாம் தொழிலாளிக்குக் கொடுக்கப்பட வேண்டும். டேப் சுற்றிய ஸ்பேனரைக் கொடுத்து அனுப்பியவர்கள் என் கவனத்தைப் பற்றிப் பேசியதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

தொழிற்சங்கத்தில் ஒரு தோழர் வழி காட்டினார். என்னைக் காப்பாற்றியது பழைய சம்பளக் கவர்கள். ஒவ்வொரு கவரிலும் "ஈஎஸ்ஐ 100" என்று பேனாவில் எழுதியிருந்தது. என் மனைவி மளிகைக் கணக்கு எழுத அவற்றை எடுத்து வைத்திருந்தார். அதை வைத்து ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். ஒன்பது மாதம் கழித்து பட்டறையிடமிருந்து பாக்கியை வசூலித்தார்கள், எனக்கும் விடுப்புப் பணம் வந்தது. ஆஸ்பத்திரிப் பணம் வரவில்லை.

ஆகவே புது இடத்தில் சேர்ந்தால் முதல் வாரமே ஈஎஸ்ஐ எண்ணைக் கேளுங்கள். "அடுத்த மாசம்" என்றால் நம்பாதீர்கள். கவர், சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆஃப் செய்து தருகிறோம் என்று சொன்னாலும் ஜெனரேட்டரைப் பாருங்கள். ஆட்டோ மோடில் இருந்தால், மெயின் போனதும் அதுவாக ஓடி பஸ்பாருக்கு கரண்ட் கொடுத்துவிடும். மெயின், ஜெனரேட்டர் இரண்டையும் பூட்டி, சாவியை உங்கள் பையில் போடுங்கள். டெஸ்டரை ஒரு லைவ் பாயின்ட்டில் வைத்துப் பார்த்து, பிறகு பஸ்பாரில், மறுபடியும் லைவில் பாருங்கள். ஆஃப் தர முடியாது என்றால் டூல்ஸைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அன்றைய 750 போகட்டும்.

ஒருவேளை அடிபட்டுவிட்டால், யார் என்ன சொன்னாலும் டாக்டரிடம் எந்த இடத்தில், என்ன வேலையில், மின்சாரத்தால் என்று சொல்லி எழுத வையுங்கள். மெடிக்கல் போர்டில் (ஊனத்தை மதிப்பிடும் மருத்துவக் குழுவில்) என் விரல்களைப் பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். என் ஆஸ்பத்திரிச் சீட்டில் இன்றைக்கும் "வீட்டில் கேஸ் அடுப்பு" என்றுதான் இருக்கிறது.