கிட்டார் பெட்டியும் அதன் கைப்பிடியும்: ஏழு வருட அனுபவம்

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், எங்கள் பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் "அண்ணா, நானும் ஹார்ட் கேஸ் வாங்கட்டுமா, இல்ல பஞ்சு வெச்ச பையே போதுமா?" என்று கேட்டான். அப்போது என் கையில் இருந்தது, ரிப்பேர் முடிந்து வந்து நாலே நாள் ஆன பெட்டி. அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே கோபம் வந்துவிட்டது. அதனால் வீட்டுக்கு வந்து நிதானமாக எழுதுகிறேன்.

பெட்டி 2018 கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு முன்னால் வாங்கியது. உள்ளே இருப்பது யமஹா எஃப்310 கிட்டார். பெட்டிக்குப் பிளைவுட் உடம்பு, மேலே கறுப்பு ரெக்ஸின், உள்ளே தெர்மாகோல், அதன்மேல் நீல வெல்வெட், ஐந்து தாழ். இந்த விலையில் வருகிற எல்லாப் பெட்டியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், அதைப் பற்றி நீட்ட வேண்டாம்.

இந்த வருடம் காட்பாடி ஸ்டேஷனில், நடைமேம்பாலப் படி இறங்கும்போது கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்துகொண்டது. பெட்டி என் கையை விட்டுப் போய் ஐந்தாறு படி உருண்டு, அடி மூலை சிமெண்டில் மோதி நின்றது. ஓரமாகத் தூக்கிப் போய்த் திறந்து பார்க்கிறவரை எனக்கு மூச்சே இல்லை. கிட்டாரில் ஒரு கீறல் கிடையாது. அடி 'ஈ' (E) கம்பியின் சுருதி மட்டும் துளி இறங்கியிருந்தது, அவ்வளவுதான். பஞ்சுப் பையில் இருந்திருந்தால் கழுத்து போயிருக்கும், சந்தேகமே இல்லை. இதைச் சொல்லாமல் குறையை மட்டும் சொன்னால் அது நியாயம் இல்லை.

ஆனால் அந்தக் கைப்பிடி!

பக்கத்துக்கு ஒரு ரிவெட், மொத்தம் ரெண்டே ரெண்டு அலுமினிய ரிவெட். பிளைவுட்டுக்குப் பின்னால் ஒரு தகடு கிடையாது, வாஷர்கூடக் கிடையாது. ரிவெட்டின் பின்பக்கம் விரிந்து நிற்கிற சின்ன வாய் வெறும் மரத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. பெட்டி, கிட்டார், கழுத்தில் மாட்டுகிற கேபோ கிளிப், கம்பி, பாட்டுப் புத்தகம் எல்லாம் சேர்ந்தால் ஏழு கிலோ பக்கம் வரும். தூக்கி நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அந்த எடை ஆடி ஆடி இழுக்கிறது, ஓட்டை மயிரிழை மயிரிழையாகப் பெரிதாகிறது, ஒரு நாள் ரிவெட் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. புத்தகத்தை எல்லாம் அதில் அடைத்தது என் தப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கிட்டாரைக் காப்பாற்ற இத்தனை மரமும் தெர்மாகோலும் போட்டவர்கள், அதைத் தூக்குகிற இடத்தில் பத்து ரூபாய்த் தகடு ஒன்று வைக்காததை எனக்கு இன்னும் ஏற்க முடியவில்லை.

வாங்கிய கடையில் கேட்டேன். கைப்பிடி தனியாக வராது, புதுசு வாங்கிவிடுங்கள் என்றார்கள். மனசு வரவில்லை.

மூலையை நானே சரி செய்தேன். மோதிய இடத்தில் பிளைவுட் அடுக்கு அடுக்காகப் பிளந்து, வாய் திறந்த மாதிரி நின்றது. ஊசி எடுத்துவிட்ட சிரிஞ்சில் ஃபெவிகால் ஏற்றி ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் விட்டேன். வளைந்த மூலையில் கிளாம்ப் நிற்காது, வழுக்கும். பழைய சைக்கிள் டியூபை ரெண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டேன். இரும்பாகப் பிடித்துவிட்டது. மேலே டிரங்குப் பெட்டிக் கடையில் வாங்கிய தகர மூலை ஒன்றை அடித்தேன்.

இங்கே ஒரு தப்பும் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். உள்ளே கிளம்பியிருந்த வெல்வெட்டை ஒட்ட, செருப்புக்குப் போடுகிற சொல்யூஷனைத் தடவினேன். அதில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். கண்ணெதிரே சர்க்கரை கரைகிற மாதிரி உள்வாங்கி, உள்ளங்கை அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. தெர்மாகோல் இருக்கிற இடத்தில் வெள்ளைப் பசைதான் போட வேண்டும். சொல்யூஷன் போட்டே ஆக வேண்டிய இடம் என்றால், வாடை முழுக்கப் போகிறவரை பெட்டியைத் திறந்தே வையுங்கள். அந்த ஆவியோடு கிட்டாரை உள்ளே வைத்து மூடக் கூடாது, பாலிஷுக்கு ஆகாது.

கைப்பிடிக்கு வேலூர் லாங் பஜார் பக்கம் சூட்கேஸ், ஸ்கூல் பை தைக்கிற பாய் ஒருவரிடம் போனேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, இவ்ளோ பெரிய பொட்டிய ரெண்டு ஆணில தொங்க வுட்டுகினு இருக்கான்?" என்றார். ஏழு வருடமாக என் மனசில் இருந்ததை ஒருத்தர் வாயால் கேட்டபோது எனக்கு அத்தனை ஆறுதல்.

மிச்சமிருந்த ரிவெட்டை 4 மி.மீ. பிட்டால் துளைத்து எடுத்தார். வெல்வெட்டைக் கிழிக்காமல் மெல்ல உரித்து, உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு அலுமினியப் பட்டை வைத்தார். அதில் ரிவெட் அடிக்கவில்லை, போல்ட் போட்டார். போல்ட்டின் உருண்டைத் தலை உள்ளே, நட்டு வெளியே, கைப்பிடி வளையத்துக்கு அடியில். உள்ளே கூராக எதுவும் நீட்டிக்கொண்டிருந்தால் கிட்டாரின் இடுப்பில் உரசும் என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே அவர் யோசித்துவிட்டார். போல்ட் தலைமேல் ஹவாய் செருப்பு ரப்பர் ஷீட் ஒரு துண்டு, அதன்மேல் பழைய வெல்வெட். நான் உண்டாக்கிய பள்ளத்தையும் அதே ஷீட்டால் நிரப்பிக் கொடுத்தார்.

அப்புறம் பிடி. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றித் தோல் இருந்தும், கிட்டார் பெட்டிக்கு வழவழ பிளாஸ்டிக் பிடிதான் வருகிறது. ஷூவின் மேல்பக்கத்துக்குப் போகிற குரோம் தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் எடை தொங்கினால் நீளும். பாய் எடுத்தது பட்டைச் சாறில் பதனிட்ட சோல் தோல். ரெண்டு வார் வெட்டி, நடுவில் கயிறு வைத்து, மெழுகு நூலால் கையாலேயே தைத்தார். முதல் நாள் கட்டை மாதிரி இருந்தது. இப்போது என் விரல் பதிகிற இடத்தில் கொஞ்சம் கறுத்து, கைக்கு ஏற்ற மாதிரி வளைய ஆரம்பித்திருக்கிறது. தூக்கும்போதெல்லாம் மனசுக்கு இதமாக இருக்கிறது. 450 ரூபாய் வாங்கினார். நான் கூடக் கொடுத்ததை வாங்கவில்லை.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. நம் ஊர் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மூடிய காரில் பெட்டியை விடவே கூடாது, கிட்டாரில் கம்பியைப் பிடித்திருக்கிற பிரிட்ஜ் கட்டையை ஒட்டிய பசை இளகும். கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் போதும், அதனால் ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா பொட்டலம் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும்தான். கோடையில் எடுத்துவிடுங்கள், ஏற்கெனவே காய்ந்திருக்கிற மரத்தை அது இன்னும் காய வைக்கும். மழை நின்றதும் காலை வெயிலில் அரை மணி திறந்து வைத்தால் வெல்வெட்டில் பூசண வாடை வராது. சுவரை ஒட்டித் தரையில் வைக்காதீர்கள், கரையானுக்குப் பிளைவுட் என்றால் பிடிக்கும்.

சரி, தம்பிக்குப் பதில். ஹார்ட் கேஸ் வாங்கு. ஆனால் என்னுடையதை வாங்காதே. கிட்டாரைக் காப்பாற்றியது அதுதான் என்று தெரிந்தும் சொல்கிறேன், அதே பெட்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் இன்னொன்று வாங்க மாட்டேன். கடைக்குப் போனால் தாழையும் வெல்வெட்டையும் பார்க்காதே, கைப்பிடி இருக்கிற இடத்தில் உள்பக்கம் விரலால் அழுத்திப் பார். தகடு தட்டுப்பட வேண்டும்.

அதுவரைக்கும் இந்த டிசம்பர் கீத பவனிக்கு என் பெட்டியை எடுத்துப் போ. விழுந்ததிலிருந்து நடுத் தாழ் மட்டும் சரியாக உட்காருவதில்லை, மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பூட்டு.