கழுத்து ஸ்கேன் முதல் அயோடின் அறை வரை: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கழுத்தில் தைராய்டு கட்டி, அது புற்றுநோயோ என்ற சந்தேகம் – இப்படி வருபவருக்கு முன்னால் வைக்கப்படும் டெஸ்ட், சிகிச்சை, மாத்திரை ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்க்கலாம். மதிப்பெண் குறைவாக வாங்கப்போகிற சரக்கிலிருந்தே தொடங்கிவிடலாம்: லேப்காரர்கள் விற்கும் ‘தைராய்டு பேக்கேஜ்’. தைராய்டு சுரக்கும் டி3, டி4 ஹார்மோன்கள், அந்தச் சுரப்பியை வேலை வாங்கும் டிஎஸ்எச் ஹார்மோன், கூடவே ஆன்டிபாடி என்று ஒரே ரத்தத்தில் நாலைந்து டெஸ்ட். சுரப்பி அதிகமாக வேலை செய்கிறதா, குறைவாகச் செய்கிறதா என்பதை இது சரியாகவே சொல்லும். கழுத்தில் இருக்கும் கட்டி நல்லதா கெட்டதா என்பதை மட்டும் சொல்லாது. “டிஎஸ்எச் நார்மல்தானே, அப்புறம் எப்படி கேன்சர்?” என்று கேட்காத குடும்பம் குறைவு. தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு டிஎஸ்எச் நார்மலாகத்தான் இருக்கும். கட்டி தன் போக்கில் வளரும், மிச்சச் சுரப்பி தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே கட்டி இருப்பவருக்கு முதலில் தேவைப்படும் ரத்தப் பரிசோதனை டிஎஸ்எச் ஒன்றுதான். அது குறைவாக இருந்தால் சுரப்பி மிகையாக வேலை செய்கிறது என்று பொருள்; அப்போது கதிரியக்க மருந்து கொடுத்து ஐசோடோப் ஸ்கேன் எடுப்பார்கள். ஹார்மோனைத் தானே அள்ளிச் சுரக்கும் ‘சூடான’ கட்டி என்று அதில் தெரிந்தால், புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. தைராய்டு செல்கள் உண்டாக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தைச் சேர்த்து ‘கேன்சர் மார்க்கர்’ என்று விற்கும் பேக்கேஜை, சுரப்பி உடம்பில் இருக்கும்போது வாங்கவே வேண்டாம். சாதாரணக் கழலைக்கும் அது ஏறும். கால்சிடோனின் வேறு வகை. மெடுல்லரி என்ற அரிய ரகத் தைராய்டு புற்றுநோயை அது காட்டிக்கொடுக்கும். குடும்பத்தில் யாருக்காவது அந்த ரகம் இருந்தாலோ, கட்டியில் ஊசி குத்திச் செல்களை எடுத்துப் பார்க்கும் டெஸ்டில் சந்தேகம் வந்தாலோ அதைக் கேட்டு வாங்கலாம். பேக்கேஜுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை என்ற வகையில் 10-க்கு 2.

அடுத்தது கழுத்து அல்ட்ராசவுண்ட். இதற்கு ஆளைப் பொறுத்து இரு வேறு மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது. கையில் தட்டுப்படும் கட்டி, காரணம் தெரியாமல் கம்மிப்போன குரல், கழுத்தில் நெறி, சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு, குடும்ப வரலாறு – இவற்றில் ஏதாவது இருந்தால் இதைவிட நல்ல சேவை கிடையாது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, கால் மணி நேர வேலை. எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ஒட்டுச் சரக்காகச் சேர்க்கும்போதுதான் மதிப்பெண் சரிகிறது. தென்கொரியாவில் அப்படிச் சேர்த்துப் பார்த்தார்கள். 1993-க்கும் 2011-க்கும் இடையில் அங்கே தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 15 மடங்கானது. இறப்பு விகிதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. உயிருக்கு ஒன்றும் செய்யாத பொடிக் கட்டிகளைத் தேடிப்பிடித்து வெட்டியதுதான் மிச்சம். அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தத் தேடல் வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2017-இல் அறிவித்தது.

ஸ்கேன் எடுத்தாயிற்று என்றால், கையில் வரும் காகிதத்தை வைத்துத்தான் சென்டரை எடைபோட வேண்டும். நல்ல ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கட்டிக்கும் எந்தப் பக்கம், மேலா நடுவா கீழா, மூன்று திசையிலும் எத்தனை மில்லிமீட்டர் என்று இருக்கும். திடமா நீர்க்கட்டியா, நிறம் எவ்வளவு கறுப்பு, படுத்த வடிவமா நின்ற வடிவமா, ஓரம் சீரா கரடா, உள்ளே பொடிப் புள்ளிகள் உண்டா என்ற ஐந்தும் இருக்கும். இந்த ஐந்துக்கும் பாயிண்ட் போட்டுக் கூட்டி, கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்லும் டைராட்ஸ் எண்ணும் இருக்கும். கழுத்தின் இரு பக்க நெறிகளைப் பார்த்தாயிற்று என்று ஒரு வரியாவது இருக்கும். அகலத்தைவிட உயரம் கூடிய கட்டியும் வெண்பொடி தூவியதுபோன்ற புள்ளிகளும் தலா 3 பாயிண்ட் வாங்கிவிடும். மொத்தம் 7 அல்லது அதற்கு மேல் போனால் டைராட்ஸ் 5. கட்டி எந்த அளவை எட்டினால் ஊசி டெஸ்ட் என்றால், டைராட்ஸ் 5-க்கு 1 செ.மீ., 4-க்கு 1.5 செ.மீ., 3-க்கு 2.5 செ.மீ. “இரு பக்கமும் பல கட்டிகள், ஊசி டெஸ்ட் செய்யவும்” என்று ஒற்றை வரியில் முடியும் ரிப்போர்ட்டுக்குக் கொடுத்த காசு தண்டம். எந்தக் கட்டியில் ஊசி போடுவது? அடுத்த வருஷம் வளர்ந்ததா என்பதை எதோடு ஒப்பிடுவது? பெரும்பாலும் மறுபடி எடுக்கத்தான் சொல்வார்கள்.

ஊசி டெஸ்ட், அதாவது எஃப்.என்.ஏ.சி., பெயரைக் கேட்டு நடுங்குகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய, 23 முதல் 27 கேஜ் ஊசி. தலையணையைத் தோளுக்கு அடியில் வைத்துக் கழுத்தை நிமிர்த்திப் படுக்கச் சொல்வார்கள். குத்தியிருக்கும் சில விநாடிகள் எச்சில் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. இரண்டு மூன்று முறை குத்துவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். “ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்” என்ற பேச்சுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். மெல்லிய ஊசியில் அப்படி நேர்வது மிக மிக அபூர்வம்.

கெட்டுப்போவது வேறு இடத்தில். கட்டியைக் கையால் தடவிக் குத்தும்போது ஊசி விளிம்பில் நின்றுவிடலாம், நீர் மட்டும் வரலாம். நிறைய ரத்தம் கலந்தால் செல்கள் மறைந்துவிடும். ஸ்லைடில் தடவியதை ஆல்கஹாலில் போடத் தாமதித்தால் காய்ந்து உருக்குலைந்துபோகும். போதுமான மாதிரி என்று சொல்ல, தலா 10 செல்லாவது உள்ள ஆறு கொத்துகள் வேண்டும். அது இல்லையென்றால், ஊசி டெஸ்ட் முடிவை 1 முதல் 6 வரை வகைப்படுத்தும் பெதஸ்டா முறையில் பெதஸ்டா 1, அதாவது ‘தெரியவில்லை’. நல்ல சேதி என்று இதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. அது தவறு, மறுபடி குத்த வேண்டும். ஆகவே ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போடும் இடத்துக்கே போங்கள். பக்கத்தில் நோயியல் நிபுணர் நின்று, மாதிரி போதுமா என்று அங்கேயே மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் இடம் கிடைத்தால் 10-க்கு 10.

பெதஸ்டா முறையின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. அதன்படி புற்றுநோயாக இருக்கும் சராசரி வாய்ப்பு பெதஸ்டா 2-க்கு 4%, 3-க்கு 22%, 4-க்கு 30%, 5-க்கு 74%, 6-க்கு 97%. மனசு அலைபாய்வது 3-லும் 4-லும்தான். “இத்தனை பெரிய லேபுக்கு இதுகூடத் தெரியாதா?” என்று கோபப்பட்டுப் பயனில்லை. ஃபாலிகுலர் என்ற ரகத் தைராய்டு கட்டிகளில் நல்ல கட்டிக்கும் கெட்ட கட்டிக்கும் செல்லின் முகம் ஒன்றே. உறையைக் கிழித்துக்கொண்டோ ரத்தக் குழாய்க்குள்ளோ நுழைந்திருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். அதை முழுக் கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இரண்டாம் கருத்து வேண்டுமென்றால் ரிப்போர்ட் நகலை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடாமல், ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கிப் போங்கள்.

அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை கட்டடத்தின் பளபளப்பைவிட ஒரு கேள்வி முக்கியம்: “வருஷத்துக்கு எத்தனை தைராய்டு செய்கிறீர்கள், டாக்டர்?” ஆண்டுக்கு 25-க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்பது அமெரிக்கத் தரவுகளில் தெரிந்தது. இதற்கென்றே எண்டோகிரைன் சர்ஜரி என்ற தனித்துறை சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இருக்கிறது. வாய் வழியாக, அக்குள் வழியாக என்று தழும்பில்லாமல் செய்யும் முறைகளுக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அந்தக் காசு தழும்பை மறைக்கத்தான், புற்றுநோயை இன்னும் நன்றாக எடுப்பதற்கு அல்ல.

பாதியா முழுசா என்பதும் தவறாமல் வரும் கேள்வி. கட்டி 1 செ.மீ.க்குள் அடங்கி, வெளியே பரவாமல் இருந்தால் ஒரு பக்க மடல் போதும். 1 முதல் 4 செ.மீ. வரை இரண்டுமே சரி, பேசி முடிவெடுக்க வேண்டும். 4 செ.மீ.க்கு மேல் போனாலோ, நெறிகளில் பரவியது தெரிந்தாலோ முழுச் சுரப்பி. ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனை 1993 முதல் 1 செ.மீ.க்கு உட்பட்ட பாப்பிலரி (அதிகம் காணப்படும் தைராய்டு புற்றுநோய் ரகம்) கட்டிகளை வெட்டாமல், ஸ்கேனில் கண்காணித்தே வருகிறது. பெரும்பாலானவை வளராமல் கிடக்கின்றன. ‘புற்றுநோய்’ என்ற சொல்லைக் கேட்டதும் மறுநாளே தியேட்டரில் படுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முழுச் சுரப்பியை எடுத்தபின் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போய் எறும்பு ஊர்வதுபோல இருந்தால், சொல்லத் தயங்கக் கூடாது. தைராய்டை ஒட்டியிருக்கும், ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் அதிர்ச்சியில் இருக்கின்றன, கால்சியம் இறங்குகிறது என்று பொருள். கால்சியத்தைக் கையில் கொடுத்து, எப்போது குறைப்பது என்று எழுதியும் கொடுத்து அனுப்பும் வார்டுதான் நல்ல வார்டு.

அறுவைக்குப் பிறகு மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்கும் அணுமருத்துவப் பிரிவின் அயோடின் அறைதான் அதிகம் பயமுறுத்துகிறது. எல்லோருக்கும் அது தேவையில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். கட்டி சிறியது, பரவவில்லை என்றால் அயோடின் இல்லாமலே விடலாம் என்று 2022-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. கொடுத்தாலும் நோய் திரும்பும் ஆபத்து குறைந்தவர்களுக்கு 30 மில்லிகியூரி (கதிரியக்க அளவு) போதும் என்பது 2012 முதலே தெரியும். “எதற்கும் இருக்கட்டும்” என்று 100 எழுதினால் காரணம் கேளுங்கள். மெடுல்லரிக்கும் அனாபிளாஸ்டிக் என்ற இன்னொரு ரகத்துக்கும் இது வேலை செய்யாது, அந்தச் செல்கள் அயோடினை உறிஞ்சுவதில்லை.

வேலை செய்ய வேண்டுமென்றால் செல்கள் அயோடினுக்குப் பசித்திருக்க வேண்டும். டிஎஸ்எச் 30-க்கு மேல் ஏற, எடுத்த சுரப்பிக்கு ஈடாகச் சாப்பிடும் தைராக்ஸின் மாத்திரையை 3–4 வாரம் நிறுத்துவார்கள். அந்த நாட்கள் உடம்பைப் போட்டுப் பார்த்துவிடும்: மந்தம், மலச்சிக்கல், குளிர், முகவீக்கம். இதற்கு மாற்றாக டிஎஸ்எச் ஊசியை இரண்டு நாள் தொடர்ந்து போடலாம். சொகுசு, ஆனால் விலை கடுமை. கூடவே 1–2 வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு. சறுக்குவது இங்கேதான். கல் உப்பு என்றாலே அயோடின் இல்லை என்று நினைக்கிறார்கள், இப்போது பல கல் உப்புப் பாக்கெட்டிலும் அயோடின் கலக்கிறார்கள். பாக்கெட்டைப் படித்து வாங்க வேண்டும். மீன், கருவாடு, இறால், முட்டை மஞ்சள் கரு, பால், தயிர், மோர், கடை ஊறுகாய், அப்பளம், மிக்சர், பேக்கரி, ஹோட்டல் எல்லாம் விலக்கு. சோறு, பருப்பு, காய்கறி, தேங்காய், அயோடின் இல்லாத உப்பில் வீட்டில் அரைத்த இட்லி, பால் கலக்காத காபி போதும். பொவிடோன் அயோடினில் வாய் கொப்பளிப்பதும் கூடாது. கான்ட்ராஸ்ட் போட்ட சிடி ஸ்கேன் சமீபத்தில் எடுத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்த அயோடின் வெளியேற ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும்.

30 மில்லிகியூரிக்கு மேல் என்றால் கழிவுநீரைத் தேக்கி வைக்கும் தொட்டியோடு கூடிய தனியறையில் சில நாள். வரிசை பல இடங்களில் நீளம், சேவையில் குறை என்றால் அதுதான். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும், இரண்டு முறை ஃப்ளஷ் செய்ய வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பி வீங்காமலிருக்கப் புளிப்பு மிட்டாய் கொடுப்பார்கள், வழக்கமாக முதல் நாள் கழிந்தபின். முடி கொட்டுமா? இது கீமோ அல்ல. கொஞ்சம் கொட்டினால் அது தைராக்ஸின் நிறுத்திய வேலை, திரும்ப வளரும். பெண்களுக்குக் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பிறகே மருந்து. அதன்பின் 6 முதல் 12 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதைக் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். குழந்தைகளிடமிருந்து எத்தனை நாள் தள்ளியிருப்பது என்பது டோஸைப் பொறுத்தது. எண்ணிக்கையை எழுதிக் கொடுக்காமல் “கொஞ்ச நாள்” என்று அனுப்பினால், வாசலிலேயே நின்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, ஆயுளுக்கும் கூடவரும் சரக்கு: லெவோதைராக்ஸின், அதாவது மேலே சொன்ன தைராக்ஸின் மாத்திரை. தைரோநார்ம், எல்ட்ராக்ஸின், தைராக்ஸ் எல்லாம் ஒரே மருந்துதான். எது உசத்தி என்ற கேள்விக்குப் பதில், எதைத் தொடங்கினீர்களோ அதுவே. கடைக்காரர் “இது இல்ல சார், அது இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்” என்று மாற்றிக் கொடுத்தால், 6–8 வாரம் கழித்து டிஎஸ்எச் பார்த்துவிடுங்கள். தைரோநார்மில் 88, 112, 137 என்று இடைப்பட்ட அளவுகளும் கிடைப்பதால் மாத்திரையை உடைக்கும் அவதி குறையும். முழுச் சுரப்பியும் எடுத்தவருக்கு உத்தேசம் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ என்றால் 100-க்குப் பக்கத்தில் தொடங்கும். மிச்சப் புற்றுநோய்ச் செல்களை டிஎஸ்எச் தூண்டிவிடலாம் என்பதால் மாத்திரையால் அதை அழுத்தி வைப்பார்கள்; எங்கே நிறுத்துவது என்பது நோய் திரும்பும் ஆபத்தைப் பொறுத்தது: அதிகம் என்றால் 0.1-க்குக் கீழே, குறைவு என்றால் 0.5 முதல் 2 வரை. தேவையில்லாமல் கீழே அழுத்தினால் படபடப்பும் எலும்புத் தேய்மானமும் வரும்.

மாத்திரையைக் கெடுப்பது பெரும்பாலும் காலைக் காபி. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. அறுவைக்குப் பிறகு இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு, “டோஸ் ஏறிக்கொண்டே போகிறதே” என்று குழம்புவது வாடிக்கை. பாட்டிலை அடுப்பு மேடைப் பக்கம் வைக்க வேண்டாம், வெப்பமும் ஈரமும் இதற்கு ஆகாது.

சுரப்பியை எடுத்தபின் தைரோகுளோபுலினுக்கு வேலை வருகிறது: நோய் திரும்புகிறதா என்பதை அது காட்டும். பின்தொடர்தலில் அதை எப்போதும் அதன் ஆன்டிபாடியோடு சேர்த்தே, ஒரே லேபில் பாருங்கள். லேபுக்கு லேப் கிட் மாறும், 0.2 என்பது 0.6 ஆனதும் தூக்கம் போய்விடும். ஆன்டிபாடி பாசிட்டிவாக இருந்தால் தைரோகுளோபுலின் எண்ணைத் தனியாக நம்ப முடியாது, ஆன்டிபாடி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையே கவனிப்பார்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் டெஸ்ட் எண்கள் தப்பாக வரலாம்.