தற்காலிக டிரோன் தடை: வரைபடமா, நோட்டாமா, போலீஸ் அறிவிப்பா?

முட்டத்திலோ சொத்தவிளையிலோ பொழுதுபோக்குக்கு டிரோன் விடுகிறவர்களுக்கு நிரந்தரத் தடைகள் பெரிய தலைவலி இல்லை, ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் போதும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. திருவனந்தபுரம் விமான நிலையத்தைச் சுற்றிய 12 கிலோமீட்டர் கட்டுப்பாட்டு வளையம் களியக்காவிளை வரைகூட வராது. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் பக்கம் தலைவைக்காமல் இருந்தால் சரி. சிக்கல் திடீரென்று முளைக்கும் தடையில்தான்.

2021 டிரோன் விதிகளின்படி மாநில அரசோ காவல்துறையோ ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, அதாவது அனுமதியில்லாமல் டிரோன் விடக் கூடாத இடமாக, அறிவிக்கலாம். அதற்கு எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், ஒரு தடவைக்கு 96 மணி நேரம்தான் உச்சம். 2024 மே கடைசியில் பிரதமர் விவேகானந்தர் பாறையில் தியானத்துக்கு வந்தது போன்ற நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். இதைத் தெரிந்துகொள்ள எந்த வழி நல்லது?

அரசின் டிரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில் இருக்கும் வரைபடத்துக்குத்தான் சட்ட பலம். பறக்கும் முன் அதைப் பார்ப்பது கட்டாயம், தற்காலிகத் தடையையும் அதில்தான் ஏற்ற வேண்டும் என்கிறது விதி. இடத்தைத் தொட்டால் நிறம் தெரியும், பச்சை என்றால் 400 அடி வரை அனுமதி தேவையில்லை. ஆனால் யாராவது ஏற்றினால்தானே அதில் தெரியும்? நேற்று ராத்திரி பார்த்த பச்சையை நம்பி காலையில் கிளம்புவது சரியல்ல, கடற்கரையில் நின்று இன்னொரு முறை திறந்து பாருங்கள்.

நோட்டாம் என்பது வான்வெளிக் கட்டுப்பாடுகளைச் சொல்லும் அதிகாரபூர்வ அறிவிப்பு. விமானிகளுக்காக எழுதப்படுவது, நமக்குக் கொஞ்சம் முரட்டு வாசிப்பு. தென் தமிழ்நாடு சென்னை வான்பகுதிக்குள் வருவதால் விஓஎம்எஃப் (VOMF) என்ற குறியீட்டில் தேட வேண்டும். நேரமெல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், அதனால் 0030 என்று இருந்தால் நமக்குக் காலை 6 மணி. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால் தடை தொடங்குவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள், தடை நடக்கும்போது பறந்துகொண்டிருப்பீர்கள். கடலில் ஏவுகணைச் சோதனை மாதிரி பெரிய விஷயங்களுக்கு இது அருமை, கோயில் திருவிழாக் கூட்டத்துக்கான தடையை இதில் தேடிப் பயனில்லை.

போலீஸ் அறிவிப்புதான் பெரும்பாலும் முதலில் காதுக்கு வரும், நாளிதழிலோ வாட்ஸ்அப்பிலோ. குறை என்னவென்றால் 'சுற்றுவட்டாரப் பகுதிகள்' என்று மொட்டையாக முடித்துவிடுவார்கள். சுற்றுவட்டாரம் கொட்டாரம் வரையா, சுசீந்திரம் வரையா? அந்தப் பகுதி ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

டிரோன் கம்பெனி ஆப் காட்டும் வரைபடம் கம்பெனியுடையது, அரசுடையது அல்ல. அது பறக்க விட்டது என்பது ஸ்டேஷனில் செல்லாது. அதேபோல 250 கிராமுக்குள் இருந்தால் எந்த விதியும் இல்லை என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். நானோ டிரோனுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பது நிஜம், சிவப்பு மண்டலத் தடை அதற்கும் உண்டு, விதிமீறலுக்கு அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

என்னைக் கேட்டால் முதலில் செய்தி, அடுத்து வரைபடம், கடலோரம் என்றால் நோட்டாம், ஆப் கடைசி. ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது கடுமையாகச் சொல்கிறதோ அதைக் கேளுங்கள். அப்புறம், 96 மணி நேரம் என்பது 'ஒரு தடவைக்கு' மட்டும், முடிந்ததும் மறுபடி அறிவிக்கத் தடையில்லை. தலைவர் ஹெலிகாப்டரில் ஏறிவிட்டார் என்று டிவியில் பார்த்ததும் டிரோனைக் கிளப்ப வேண்டாம், அறிவிப்பில் போட்ட நேரம்தான் கணக்கு.