வேகன்ஆரும் ஸ்விஃப்டும்: ஒரே கொட்டகையில் நிற்கும் இரண்டு கார்கள்

எங்கள் வீடு பள்ளத்தூரில். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற பழைய வீடு. பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் தம்பி 2018-இல் வாங்கிய ஸ்விஃப்டும், நான் 2019 கடைசியில் வாங்கிய வேகன்ஆரும் நிற்கின்றன. கூட்டுக் குடும்பம் என்பதால் அன்றைக்கு எது தோதோ அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். மைலேஜ், பிக்கப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் உள்ளே இருக்கும் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஸ்விஃப்டின் நீளம் 3840 மி.மீ., அகலம் 1735, உயரம் 1530. வேகன்ஆர் 3655 நீளம், 1620 அகலம், 1675 உயரம். இரண்டையும் அருகருகே நிறுத்தினால் ஸ்விஃப்ட்தான் பெரிய வண்டியாகத் தெரியும். ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள வீல்பேஸைப் பாருங்கள்: ஸ்விஃப்டில் 2450, வேகன்ஆரில் 2435. ஒரு விரற்கடை வித்தியாசம், அவ்வளவுதான். ஆள் உட்காருவது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்ளேதான். ஸ்விஃப்டின் கூடுதல் நீளமான 185 மி.மீ.-இல் 170 சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் போய்விடுகிறது. 2024-இல் வந்த புது ஸ்விஃப்டிலும் வீல்பேஸும் அகலமும் இதேதான்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. முதலில் புரியவைத்தது அப்பத்தா. எண்பதைத் தாண்டியவர், இரண்டு முழங்காலிலும் வலி. ஸ்விஃப்டில் ஏறுவதென்றால் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று, தலையைக் குனிந்து, கடைசியில் பொத்தென்று சீட்டில் விழுவார். சீட் தாழ்வு, கூரை பின்பக்கம் சரிந்து இறங்குகிறது. குனியும்போதே முழங்காலையும் மடக்க வேண்டும். இறங்கும்போது அதைவிடப் பாடு. இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். கண்டாங்கிச் சேலை வேறு கனம், கொசுவம் கதவிடுக்கில் மாட்டும்.

வேகன்ஆர் வந்த வாரம் குன்றக்குடிக்கு அழைத்துப் போனேன். கதவைத் திறந்ததும் பக்கவாட்டில் அப்படியே உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். யாரும் கைகொடுக்கவில்லை. "இது திண்ணையில உக்காந்த மாதிரி இருக்குப்பா" என்றார். அதுதான் விஷயம். சீட் இடுப்பு உயரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் கீழே இறங்கி உட்காரவும் வேண்டாம், மேலே ஏறவும் வேண்டாம். நிமிர்ந்து உட்காருவதால் கால் முன்னால் நீளாமல் கீழ்நோக்கி இறங்குகிறது. முழங்காலுக்கு முன்னே இடம் தானாகக் கிடைக்கிறது. நான் ஓட்டும் நிலையில் முன்சீட்டை வைத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தேன். வேகன்ஆரில் காலுக்கு இடம் தாராளமாக இருந்தது, ஸ்விஃப்டில் முழங்கால் முன்சீட்டை எட்டிப் பார்த்தது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் டெஸ்ட் டிரைவுக்கு அவர்களையும் கூட்டிப் போய் நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

ஆனால் பின்னால் மூன்று பேர் என்றால் நிலைமை மாறிவிடும். 115 மி.மீ. அகலக் குறைவு அங்கேதான் தெரியும். நானும் தம்பியும் சித்தப்பாவும் வேகன்ஆரில் பின்னால் உட்கார்ந்து மதுரை வரை போனோம். நடுவில் இருந்த நான் திருப்பத்தூர் தாண்டுவதற்குள் தோளை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே வந்தேன். இரண்டு பேரும் ஒரு பிள்ளையும் என்றால் வேகன்ஆர் சுகம். மூன்று பெரிய ஆட்கள் என்றால் ஸ்விஃப்டின் அகலத்துக்குத்தான் என் ஓட்டு.

டிக்கியில் போட்டியே இல்லை. வேகன்ஆரில் 341 லிட்டர், ஸ்விஃப்டில் 268. பழைய வேகன்ஆரில் வெறும் 180 இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தம்பியின் மாமனார் வீடு தேவகோட்டையில். பலகாரம் கொண்டுபோகும் நாளில் முறுக்கு, சீப்புச்சீடை, மனகோலம் என்று உயரமான டின்களை நிறுத்தி வைத்தே அடுக்கலாம். ஸ்விஃப்டில் அதே டின்களைப் படுக்கவைத்ததில் ஒரு தடவை சீடை எல்லாம் உடைந்து தூளாகிப் போனது. அப்புறம் என் வண்டியில் பின்சீட் 60:40 ஆகப் பிரிந்து மடியும். அப்பத்தாவை ஒரு பக்கம் உட்காரவைத்துவிட்டு மறுபக்கம் தட்டுக்கூடைகளை வைத்துக்கொள்ளலாம்.

பின்வாசல் கேட் ஐயா காலத்தில் மாட்டுவண்டிக்காக வைத்தது. வேகன்ஆர் நிற்காமல் நுழையும். ஸ்விஃப்டுக்கு இரண்டு கண்ணாடியையும் மடக்கியாக வேண்டும், இரவில் ஓர் ஆள் நின்று பார்த்துச் சொன்னால் நல்லது. திருப்பும் வட்டத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆரம் வேகன்ஆருக்கு 4.7 மீட்டர், ஸ்விஃப்டுக்கு 4.8.

உயரத்துக்கு ஒரு விலை உண்டு. திருமயம் தாண்டிப் புதுக்கோட்டை நோக்கிப் போகும்போது இருபக்கமும் வெட்டவெளி. ஆடிக் காற்று பக்கவாட்டில் அடித்தால் உயரமான எந்த வண்டியும் கொஞ்சம் அசையும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கத்தான் வேண்டும். அங்கே நான் எண்பதைத் தாண்டுவதில்லை. ஸ்விஃப்ட் தாழ்ந்து அகன்று நிற்பதால் அதே ரோட்டில் நிம்மதியாகப் போகும். தம்பி திருச்சிக்குத் தனியாகப் போகும் நாளெல்லாம் அதைத்தான் எடுக்கிறான். பிள்ளையார்பட்டிக்கோ ஆஸ்பத்திரிக்கோ அப்பத்தாவோடு கிளம்புகிற நாளில் அவனே என்னிடம் வந்து வேகன்ஆர் சாவியை வாங்கிக்கொள்கிறான்.