வீட்டுப் பள்ளிக்கு அமெரிக்க வரலாறும் குடிமையியலும்: எதை எடுப்பது?

ஹோம்ஸ்கூல் பாடத்திட்டம் தேடும்போது பலரும் முதலில் விலையைப் பார்ப்பார்கள், அப்புறம் அது கிறிஸ்தவப் பாடத்திட்டமா இல்லையா என்று பார்ப்பார்கள். நான் முதலில் திறப்பது 1787 அரசமைப்புச் சட்டம் வரும் பாடத்தை. மக்கள்தொகையை எண்ணும்போது சுதந்திரமானவர்களை முழுதாகவும் 'மற்ற எல்லா நபர்களையும்' ஐந்தில் மூன்று பங்காகவும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது அந்தச் சட்டம். அடிமைகளைத்தான் அப்படிக் குறிக்கிறது, ஆனால் அடிமை என்ற சொல்லே அங்கே கிடையாது. என் மகள் பத்து வயதில் அந்த வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு, "அப்பா, மற்ற நபர்கள்னா யாரு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி பிள்ளை வாயில் வருகிறதா என்பதை வைத்துத்தான் நான் ஒரு பாடத்திட்டத்தை எடை போடுகிறேன்.

கதையாகச் சொல்வதில் ஜாய் ஹக்கீமின் 'எ ஹிஸ்டரி ஆஃப் யுஎஸ்' வரிசைதான் எனக்கு முதலிடம். ஆசிரியையாகவும் பத்திரிகையாளராகவும் இருந்தவர் என்பது எழுத்தில் தெரியும், பிள்ளை தானாகவே அடுத்த பக்கத்தைப் புரட்டும். பத்துத் தொகுதிகள். ஆனால் இன்று எத்தனை பக்கம், என்ன எழுத வேண்டும் என்று புத்தகம் சொல்லாது, அட்டவணையை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்கு நேரமில்லாத வீட்டுக்கு நாட்கிராஸ் பதிப்பகத்தின் 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' பெரிய நிம்மதி. 5 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது, 150 பாடங்கள், நாளுக்கு ஒன்று, மூல ஆவணங்களுக்குத் தனிப் புத்தகமே உண்டு. பைபிள் பாடத்தோடு பின்னிக் கிடப்பதால், வேறு நம்பிக்கை உள்ள குடும்பம் அதைத் தனியாகப் பிரித்தெடுப்பது சிரமம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம்.

மிச்சிகனில் உள்ள ஹில்ஸ்டேல் கல்லூரி 2021-இல் வெளியிட்ட 1776 பாடத்திட்டம் இலவசம், மழலை வகுப்பிலிருந்து 12 வரை. இது பிள்ளை கையில் கொடுக்கும் புத்தகம் இல்லை, கற்பிப்பவருக்கான கையேடு. நீங்கள் முன்கூட்டியே வாசித்துவிட்டு உட்கார வேண்டும். மூல ஆவணங்களுக்குக் கொடுக்கும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பார்வை பழமைவாதப் பக்கம்: தேசப்பற்றுக் கல்வியை வளர்க்க டிரம்ப் அமைத்த 1776 ஆணையத்துக்குத் தலைவராக இருந்த லாரி ஆர்ன்தான் அப்போது இந்தக் கல்லூரியின் தலைவர். அதனால் நான் ஆவணத்தை மகளோடு முதலில் படித்துவிட்டு, கையேட்டின் விளக்கத்துக்குப் பிறகுதான் போவேன். அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1852-இல் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நான்கைப் பற்றிப் பேசிய உரையையும் சுதந்திரப் பிரகடனத்தோடு சேர்த்தே வாசித்தோம்.

குடிமையியலுக்கு ஐசிவிக்ஸ் இணையதளத்தை விட்டால் எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் 2009-இல் தொடங்கியது, இதுவும் இலவசம். 'டூ ஐ ஹேவ் எ ரைட்' விளையாட்டில் பிள்ளை ஒரு வழக்கறிஞர் அலுவலகம் நடத்தும். வருகிறவர் குறையைச் சொல்வார், அவருக்கு உண்மையில் அந்த உரிமை இருக்கிறதா, அரசமைப்பின் எந்தத் திருத்தம் பொருந்தும் என்று முடிவுசெய்து சரியான வக்கீலிடம் அனுப்ப வேண்டும். திருத்தங்களை மனப்பாடம் செய்ய நான் ஒருநாளும் உட்கார வைத்ததில்லை. ஆனால் இதை மட்டும் வைத்து வரலாற்றை ஓட்ட முடியாது.

வாங்குவதற்கு முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். டெக்சாஸில் இந்தப் பாடப் பகுதிக்கு நல்ல குடிமைப் பண்பு கற்பித்தால் போதும். பென்சில்வேனியாவில் நாட்டு வரலாறு, மாநில வரலாறு, குடிமையியல் மூன்றும் கட்டாயம், ஆண்டு இறுதியில் பிள்ளை செய்த வேலைகளைத் தொகுத்து மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும்.

எதை எடுத்தாலும், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை கேட்ட இந்தியர் பகத் சிங் திண்டின் (விடுதலை வீரர் பகத் சிங் அல்லர்) 1923 வழக்கைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். இந்தியர் சட்டத்தின் கண்ணில் வெள்ளையர் அல்லர், அதனால் குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946 சட்டம் அந்தக் கதவைத் திறந்தபோதும் இந்தியாவிலிருந்து குடியேற ஆண்டுக்கு நூறு பேருக்குத்தான் இடம். 1965 சட்டம் வரும் வரை அந்த நிலைதான்.